மார்வில் கோட்டைக் கதவைத் திறந்தவர்

— கத்தாதீங்க ரேஃப். காது ரெண்டும் இன்னும் உங்க தலையிலதான் இருக்கு.

— சாயங்காலம் வரைக்கும் இருக்கும் பார்னெல் அம்மா. அதுக்கப்புறம் சந்தைத் தூண்ல வெச்சு ஆணி அடிச்சிருப்பாங்க. போறவன் வர்றவன் எல்லாம் அழுகின முட்டையால குறி பார்ப்பான். அதான் கேக்குறேன், எங்கே உங்க வீட்டுக்காரர்?

— மேல. காகிதக் குவியலுக்கு நடுவுல. காலையிலேருந்து ஒரு பிஷப் எந்த வருஷம் செத்தாருன்னு தேடிக்கிட்டிருக்காரு. செத்த மனுஷனே அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாரு. ஏங்க! நாடகக்காரர் ரேஃப் டன்னிங் வந்திருக்காரு. முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. கீழ வாங்க!

— வந்துட்டேன், வந்துட்டேன். உக்காருங்க ரேஃப். பார்னெல், இவருக்கு ஒரு கோப்பை பீர் ஊத்திக் கொடு. இதைக் கவனிங்க, அந்த பிஷப் ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். ஒரே பேரு, ஒரே ஊரு. எனக்கு முன்னாடி வரலாறு எழுதினவங்க ஒருத்தரைத் தூக்கி இன்னொருத்தர் கல்லறையில படுக்க வெச்சுட்டாங்க. எப்படிக் கண்டுபிடிச்சேன்னா...

— டில்லட் ஐயா, உங்க பிஷப்பை அப்புறம் புதைச்சுக்கலாம். மத்தியான மணி அடிச்சதும் நான் பிரபுக்கள் சபை முன்னால நிக்கணும்.

— சபையா? நீங்களா? எதுக்கு?

— ‘மார்வில் கோட்டை’ நாடகத்துக்கு.

— அது பழைய நாடகமாச்சே. நானும் பார்னெலும் படகுல ஆத்தைத் தாண்டி வந்து பார்த்தோமே. ஒம்போது வருஷம் இருக்குமா?

— ஒம்போதேதான். இப்போ கொள்ளைநோய் ஓஞ்சு கொட்டகையைத் திறந்துவிட்டாங்கல்ல, புதுசா எழுத நேரம் இல்லை. பழசைத் தூசி தட்டிப் போட்டோம். கூட்டம் பிதுங்குச்சு. நாலு நாள் ஓடியிருக்கும், மாடியில ஒரு வெல்வெட் தொப்பி எழுந்து நின்னு, “நிறுத்துங்கடா நாய்களா!”ன்னுச்சு.

— யாரு அது?

— மார்வில்ல தளபதியா இருந்த சர் லயனல் பெல்டனோட மருமகன். தன் மாமனார் நம்ம கோட்டைக் கதவைத் திறந்து பிரெஞ்சுக்காரனை உள்ளே விட்டதா நான் அவதூறு பண்ணிட்டேனாம்.

— மேடையில அப்படித்தானே காட்டினீங்க?

— காட்டினேன் அம்மா. அதை நான் மறுக்கலையே. ரெண்டாயிரம் பேர் கொட்டை தின்னுக்கிட்டே பார்த்திருக்காங்க, எப்படி மறுக்கிறது? “இதை எங்கேருந்து எடுத்தே?”ன்னு சபையில கேட்டாங்க. “டில்லட் ஐயாவோட வரலாற்றுப் புத்தகத்துல இருக்கு, அனுமதி வாங்கி அச்சான புத்தகம்”னு சொன்னேன். “அப்போ அந்த ஆளைக் கூட்டிட்டு வா, பைபிள் மேல கை வெச்சுச் சொல்லட்டும்”னாங்க. சொன்னா எனக்கு விடுதலை. சொல்லலேன்னா காது ரெண்டும் போகும்.

— அவ்வளவுதானே? பார்னெல், என் கறுப்புக் கோட்டு எங்கே, எடுத்துக் கொடு. ரேஃப், கவலையே வேண்டாம். நான் அந்த விஷயத்தை யாரோ சொல்லிக் கேட்டு எழுதலை. மார்வில்ல பீரங்கிப் படையில இருந்தவன் நான். பத்தொம்போது வயசு. கண்ணால பார்த்தேன்.

— நீங்களே பார்த்தீங்களா? ஐயா, உங்களைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுக்கலாம் போல இருக்கு!

— அவருக்கு முத்தமெல்லாம் வேண்டாம், வெங்காய வாசனை அடிக்குது உங்க மேல.

— பயத்துல ஒரு முழு வெங்காயத்தைக் கடிச்சுட்டேன் அம்மா. ஐயா, இன்னொரு சின்ன விஷயம். நாடகம் போட்டு ஒம்போது வருஷம். சர் லயனல் பேர் போட்ட உங்க ரெண்டாம் பதிப்பு வந்து மூணே வருஷம். புத்தகத்தைப் பார்த்து நாடகம் எழுதினேன்னா சபையில சிரிப்பாங்க. அதனால, அந்தக் காலத்துலயே நீங்க என்கிட்ட வாயால சொன்னதா ஒரு வார்த்தை...

— நான் எப்போ சொன்னேன்? உங்களை எனக்கு அப்போ தெரியவே தெரியாதே.

— பெரிய உண்மைக்குப் பக்கத்துல ஒரு குட்டிப் பொய். அவ்வளவுதான் ஐயா.

— இருங்க. ஒண்ணொண்ணா வருவோம். முதல் பதிப்புல நான் என்ன எழுதினேன்? “உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்தனர்.” அவ்வளவுதான். கோட்டையில இருந்த அஞ்சு தளபதிங்க பேரும் இருக்கும், ஆனா யார் திறந்ததுன்னு இருக்காது. அப்புறம் நீங்க சர் லயனல்தான்னு எப்படிப் போட்டீங்க? வேற யாராவது சாட்சி சொன்னாங்களா? அப்படி இருந்தா அது எனக்கு ரொம்ப முக்கியம்.

— அது... நாடகக் கொட்டகை சமாச்சாரம் ஐயா. உங்களுக்கு எதுக்கு?

— சொல்லுங்க. ஒரு வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிறதுல எனக்கு ஆசை.

— ஆமா, ஆமா. மீன்காரிகிட்ட ஹெர்ரிங் மீனுக்கு எப்படி உப்பு போடுறதுன்னு கேட்டு, குளிர்ல என்னை அரை நாள் நிக்க வெச்ச மனுஷன். சொல்லிடுங்க ரேஃப், இல்லேன்னா விடமாட்டாரு.

— சரி. எங்க குழுவுல பன்னெண்டு பேர். நாடகத்துல பாத்திரம் முப்பதுக்கு மேல. ஒருத்தனே மூணு வேஷம், நாலு வேஷம் போடணும். ராஜாவா செத்தவன் உள்ளே ஓடிப்போய் தாடியை ஒட்டிக்கிட்டு சமையல்காரனா வருவான். அதனால எழுதும்போதே எவன் எங்கே உடை மாத்திக்கிட்டு இருப்பான்னு கணக்குப் போட்டுத்தான் எழுதணும். கதவு திறக்கிற கட்டம் வந்துச்சு. துரோகி ஒருத்தன் வேணும். “யாரோ”ன்னு ஒருத்தனை மேடையில நிக்க வைக்க முடியாதில்லையா? யாரோவுக்கு என்ன முகம், என்ன குரல்? உங்க புத்தகத்துல அஞ்சு பேர். ஒருத்தனை முதல்லயே கொன்னுட்டேன். ரெண்டாவது ஆள் அப்போ பிரெஞ்சுத் தூதுவன் வேஷத்துக்கு மாறிக்கிட்டிருந்தான். மூணாவது ஆள் மேடைக்கு அடியில பலகைக் கதவுக்குக் கீழ, ஆட்டு ரத்தம் நிறைச்ச பையோட குந்தியிருந்தான், அடுத்த கட்டத்துல பொணமா மேல வர. நாலாவது ஆளுக்குப் பாவாடை மாட்டி முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தாங்க. சும்மா நின்ன ஒரே ஆள், சர் லயனல் வேஷம் போட்டவன்.

— அப்போ?

— அப்போ அவனே கதவைத் திறந்தான்.

— கடவுளே.

— தப்புதான் அம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை, எல்லாரும் செத்துப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன். அந்த ஆள் கென்ட்ல பெரிய வீட்டுல உக்காந்து ரோஜாச் செடி வளர்க்கிறார்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா கேளுங்க ஐயா, நேத்து கோயில் வாசல் கடையில உங்க ரெண்டாம் பதிப்பைப் புரட்டினா, அச்சு அசலா அதே ஆள்! துள்ளிக் குதிச்சேன். குருட்டாம்போக்குல எறிஞ்ச கல்லு சரியான ஆள் மேலயே பட்டிருக்கு!

— விந்தைதான். ஆனா நடக்கக்கூடியதுதான். அஞ்சு பேர்ல ஒருத்தரைச் சொன்னா, அஞ்சுல ஒரு தடவை சரியா வரும். அந்த ராத்திரி என் கண்ணு முன்னாடி அப்படியே நிக்குது ரேஃப். நான் சபையில எப்படிச் சொல்லணும்? வரிசையா சொல்லிப் பார்க்கட்டுமா?

— சொல்லுங்க, சொல்லுங்க. கொஞ்சம் குரலை ஏத்தி. பின்வரிசைப் பிரபுக்களுக்குக் காது மந்தம்.

— நான் மதில் மேல, பீரங்கிக்குப் பக்கத்துல. பனி. கீழ படிக்கட்டுல சர் லயனல் இறங்கி வர்றார். கையில விளக்கு.

— ம்.

— விளக்கை முகத்துக்கு நேரா உயர்த்திப் பிடிச்சிருக்கார். அதனாலதான் யாருன்னு அவ்வளவு தெளிவா தெரிஞ்சுது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அப்புறம் கதவுக்கு முதுகைக் காட்டி எங்க பக்கம் திரும்பி நின்னு, “மண்ணே, உன்னை விற்ற பிள்ளையை மன்னிப்பாயா?”ன்னார். அப்புறம்தான் தாழ்ப்பாளை இழுத்தார். ஏன் ரேஃப்? பீர் உங்க மேல சிந்துது, கோப்பையை நேராப் பிடிங்க.

— ஐயா, விளக்கா? சத்தியமா விளக்கா?

— விளக்குதான். இரும்புச் சட்டம், கண்ணாடிக்குப் பதிலா மாட்டுக்கொம்புத் தகடு.

— ஐயோ.

— என்ன ஐயோ?

— ஒண்ணும் இல்லை. அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே சொல்லுங்க. கிளம்பலாம், நேரமாச்சு.

— ரேஃப், என்னைப் பாருங்க. என்ன விஷயம்?

— ஒண்ணும் இல்லைன்னேனே!

— நடிக்கிறவங்களுக்கு எழுதிக் கொடுக்கிறதோட நிறுத்திக்கங்க ரேஃப், உங்களுக்கு நடிக்க வரலை. என்ன, சொல்லுங்க.

— அம்மா, என் காதை நானே அறுத்துக்கணுமா?

— உக்காருங்க. மெதுவா சொல்லுங்க. விளக்குல என்ன தப்பு?

— ஐயா, திருட்டுத்தனமா கதவைத் திறக்கப் போறவன் விளக்கு ஏத்திட்டு வருவானா? அதுவும் முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு? ஊரே பார்க்கட்டும்னா? இருட்டுல தடவிக்கிட்டுத்தானே வருவான்?

— ஆனா நான் பார்த்தேனே.

— நீங்க பார்த்தீங்க. எங்கே பார்த்தீங்கன்னுதான் கேள்வி. எங்க கொட்டகைக்கு நடுவுல கூரை கிடையாது. மத்தியான வெயில்ல நாடகம். ராத்திரின்னு எப்படிக் காட்டுறது? விளக்கைக் கையில கொடுத்து அனுப்புவோம். விளக்கோட ஒருத்தன் வந்தா ராத்திரின்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். முகத்துக்கு நேரா பிடிக்கச் சொல்றது நான்தான். மாடியில இருக்கிறவனுக்கும் மூஞ்சி தெரியட்டும்னு.

— அது தற்செயலா...

— கதவுக்கு முதுகைக் காட்டி நின்னாரே, அது? மக்கள் பக்கம் திரும்பித்தான் வசனம் பேசணும், அது எங்க வழக்கம். நீங்க மதில் மேல, அவர் கீழ. காத்து, பனி. மனசுக்குள்ள சொல்லிக்கிட்ட பேச்சு உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு? அந்த வரியை நான் எழுதினேன் ஐயா. ஒரு சாராயக் கடையில, ரெண்டு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன்.

— இல்லை. இல்லை ரேஃப். பார்னெல், நீ சொல்லு. கல்யாணம் ஆன புதுசுல நான் உன்கிட்ட மார்வில் கதையைச் சொன்னேன்ல?

— சொன்னீங்க.

— என்ன சொன்னேன்?

— இப்போ எதுக்கு அது?

— என்ன சொன்னேன் பார்னெல்?

— இருட்டுன்னு சொன்னீங்க. உங்க கையே உங்களுக்குத் தெரியலைன்னு. தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் பிரெஞ்சுல கத்துற சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்க. ராத்திரியில திடுக்குன்னு எழுந்து உக்காந்து, “யார் பார்னெல், யார் திறந்தது?”ன்னு கேப்பீங்க. நான் தண்ணி கொடுப்பேன். அந்த நாடகம் பார்த்துட்டு வந்த பிறகு நீங்க அப்படி எழுந்ததே இல்லை.

— அப்போவே ஏன் சொல்லலை?

— நிம்மதியாத் தூங்குற மனுஷனை எழுப்பி, “உனக்கு ஏன் தூக்கம் வருது?”ன்னு கேக்கச் சொல்றீங்களா?

— நான் எத்தனை பேரைத் திருத்தியிருக்கேன்! பிஷப் செத்த வருஷத்துக்காக நாலு ஊருக்குக் கடிதம் எழுதினவன்! மத்தவங்க சாட்சியை எல்லாம் மூணு பக்கமும் தட்டிப் பார்ப்பேன். என்னோட சாட்சியை மட்டும் தட்டிப் பார்க்கலை. நானாச்சே, நான் பார்த்ததாச்சேன்னு விட்டுட்டேன்.

— ஐயா, இதெல்லாம் நல்ல பேச்சு. ஆனா என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்க. எழுதும்போது நம்பித்தானே எழுதினீங்க? அந்த நம்பிக்கையை இன்னும் அரை நாள் வெச்சுக்கங்க. சபையில சொல்லிட்டு வந்ததும் விட்டுடுங்க.

— நான் கை வெச்சுச் சொன்னா சர் லயனலுக்கு என்ன ஆகும் தெரியுமா? கோட்டையைக் காட்டிக்கொடுத்தா ராஜத்துரோகம். அது எத்தனை வருஷம் ஆனாலும் ஆறாது. தூக்குமேடைதான்.

— அவருக்கு எண்பதை நெருங்குது. எனக்கு முப்பத்தஞ்சு.

— ரேஃப்!

— தெரியும் அம்மா, தெரியும்! கேவலமான பேச்சுதான். காது போகப் போறவன் வாயில வேற என்ன வரும்? காது போனா கொட்டகையிலயும் எனக்கு இடம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் நாடகத்தை விட்டுட்டு என்னைப் பார்ப்பான். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். விளக்குன்னு சொன்னதும் “ஆமா ஐயா, விளக்குதான்”னு கோட்டு மாட்டிவிட்டு இழுத்துட்டுப் போயிருக்கணும். என் தொழில் புத்தி, எங்கே எதைப் பார்த்தாலும் அது எப்படிச் செஞ்சதுன்னு சொல்லித் தொலைக்குது!

— அந்தப் புத்தி எனக்கும் இருக்கு. அதனாலதான் உங்களைக் கோவிக்க முடியலை. இப்போ நான் சொல்றதைக் கவனிங்க. ஒரு பொய் எப்படி உண்மை ஆகுதுன்னு நினைக்கிறீங்க? நீங்க மேடையில காட்டினீங்க. அது பொய்னு சொல்ல மாட்டேன், வேஷம். காசு கொடுத்து உள்ளே வர்றவனுக்கு அது வேஷம்னு தெரியும். அது என் தலைக்குள்ள போச்சு. நான் அச்சுல போட்டேன். அடுத்து எழுதப்போறவன் என் புத்தகத்தைப் பார்த்து எழுதுவான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். மூணு புத்தகத்துல இருந்தா நாலாவது ஆள் சந்தேகமே பட மாட்டான். நடுவுல வேஷத்தை உண்மை ஆக்கினது யாரு? நீங்க இல்லை. நான்.

— அதனால?

— அதனால நான் சபைக்கு வர்றேன். “நான் பார்க்கலை, இருட்டா இருந்துச்சு, நாடகத்துல பார்த்ததைக் கோட்டையில பார்த்ததா எழுதிட்டேன்”னு சொல்றேன்.

— ஏங்க, புத்தகத்தை எரிச்சுடுவாங்க.

— அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டச் சொல்லிக் கேப்பேன்.

— அவங்க என்ன தையக்காரங்களா, வேண்டாத இடத்தை மட்டும் வெட்ட? மொத்தத்தையும் தெருவுல போட்டுக் கொளுத்துவாங்க. பதினஞ்சு வருஷமா நம்ம வீட்டுல மேஜை மேல சாப்பாட்டுத் தட்டு வைக்க இடம் இல்லாம உக்காந்து எழுதினது. உங்களையும் அந்தத் தூண்ல நிக்க வெச்சா?

— நிக்க வேண்டியதுதான்.

— என் காது ஐயா? உங்க நேர்மையால என் காது மிஞ்சுமா?

— தெரியலை ரேஃப். உறுதியா சொன்னா அதுவும் பொய்யாயிடும். தப்பு புத்தகத்துலதான், மேடையில இல்லைன்னு என்னால முடிஞ்ச வரைக்கும் பேசுவேன்.

— சந்தோஷம். எனக்காகப் பேச வர்றவர், வாயைத் திறந்ததும் என் கழுத்துல கத்தி வைக்கிறார்.

— நீங்க வராம ஓடிடலாம். ஆத்துல படகு இருக்கு. நான் தடுக்க மாட்டேன்.

— ஓடினா குழுவுல மிச்சம் பதினோரு பேரைப் பிடிப்பாங்க. பாவாடை கட்டினவனையும் சேர்த்து. இல்லை ஐயா. வர்றேன். ஆனா ஒரு உதவி பண்ணுங்க. நான் யாரைத் துரோகியாக்கினேன்னு சொல்லும்போது, ஏன்னு சொல்லாதீங்க. உடை மாத்தாம சும்மா நின்ன ஒரே ஆள்னு தெரிஞ்சா, காதோட விட மாட்டாங்க.

— கேட்டா சொல்லுவேன். கேக்கலேன்னா சொல்ல மாட்டேன்.

— உங்களோட நட்பு வெச்சுக்கிறதுக்கு பிரெஞ்சுக்காரனே பரவாயில்லை.

— கதவைத் தட்டுறாங்க.

— சபை ஆளாத்தான் இருக்கும். மணிகூட அடிக்கலையே, அதுக்குள்ள வந்துட்டான். நான் ஓடியிருப்பேன்னு நினைச்சானோ என்னவோ.

— பார்னெல், நீ போய்ப் பாரு. கோட்டு மாட்டிக்கிட்டு வர்றோம்னு சொல்லு. ரேஃப், அந்தக் கைப்பட்டனைப் போட்டுவிடுங்க.

— இதோ, கையை நீட்டுங்க. ஐயா, முதல் வாக்கியத்தை மட்டும் யோசிச்சு வெச்சுக்கங்க. முதல் வாக்கியம் வந்துட்டா மத்தது தானா வரும். எங்க ஆளுங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

— “நான் பார்க்கவில்லை.” இது போதுமா?

— போதும். நல்ல வசனம். நான் எழுதினதைவிட நல்லா இருக்கு, நாசமாப் போக.

— என்ன பார்னெல், வாசல்லயே நின்னுட்டே? உள்ளே வரச் சொல்லு அவரை.

— போயிட்டாரு.

— போயிட்டாரா? எங்கே?

— நீங்க யாரும் வர வேண்டாமாம். ரேஃப், உங்க மேல வழக்கு இல்லையாம். நாளைக்கே நாடகம் போட்டுக்கலாமாம்.

— என்ன! அம்மா, திரும்பச் சொல்லுங்க! என் காது! என் ரெண்டு காது! ஏன் அழுறீங்க?

— பார்னெல், சர் லயனல் செத்துட்டாரா?

— இல்லைங்க. சிறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— யார் சாட்சி சொன்னது? நான் இன்னும் வாயே திறக்கலையே!

— மறுப்பு எழுதி வாங்கலாம்னு மருமகன் உங்க புத்தகத்தை எடுத்துட்டுப் போய், அந்தப் பக்கத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினாராம். கிழவர் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, “அந்த ராத்திரி எனக்குச் சரியா ஞாபகம் இல்லை, டில்லட் எழுதியிருக்கார்னா நான்தான் செஞ்சிருப்பேன்”னு சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாராம்.